தேய்மானம் என்று நான் நினைத்த சரிவு

கோணிப்பையை அவர் என் சோதனை மேசையின் மேல் கவிழ்த்தார். அது கருங்கல் மேசை. தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மேடுபள்ளம்கூட இல்லாமல் சமன் செய்தது. அதன் மேல் டீ கிளாஸ் வைத்த ஒருவனை நான் கூச்சல் போட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். உடைந்த அலுமினிய வார்ப்புகள், வளைந்த பட்டைகள், துருவேறிய நீண்ட ஊசிகள் எல்லாம் அதில் விழுந்து உருண்டன. இடது மூலையில் ஒரு கீறல் விழுந்தது. அவர் போன பிறகு அளந்தேன். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

“மாமா, இத்தன மிஷின் வெச்சிகினு இருக்கறீங்க. இந்த நாலு துண்டு செய்ய முடியாதா உங்களால?” என்றார் அவர்.

ஓசூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் எங்கள் கம்பெனியில் பதினொரு இயந்திரங்கள் உண்டு. இரு சக்கர வண்டிகளுக்கான சிறு பாகங்களைக் கடைந்து கொடுப்போம். இருபத்தோரு வருடங்களாக நான் அங்கே தரப் பரிசோதகன். மேசையில் பையைக் கவிழ்த்தவர் கம்பெனி இருக்கும் கொட்டகையின் சொந்தக்காரர். ஜவளகிரிப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து வெளியூருக்கு அனுப்புகிறார். எங்களுக்குள் அவர் பெயர் ரோஜாக்காரர். அவர் மனைவிக்கும் எனக்கும் சொந்த ஊர் கல்லாவி. அந்த முறையில் என்னை மாமா என்பார். எங்கள் முதலாளி அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்.

பையில் இருந்தவை படகின் சுக்கான் பாகங்கள். கடற்கரையில் ஒரு படகுச் சங்கம் பழையதென்று கழித்த இரண்டு பாய்மரக் கேட்டமரான்களை அவர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தம்பிக்காக. தம்பி பெங்களூரில் படித்தபோது அங்கே ஒரு ஏரியில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவன். இவர்கள் நிலத்தை ஒட்டியே பெரிய ஏரி இருக்கிறது. அதில் படகு விட அனுமதி வேண்டும். அதை அவரிடம் கேட்க அங்கே ஆள் இல்லை.

இரண்டு நீண்ட ஒல்லியான உடல்கள், நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம், ஒரு பாய்மரம். கேட்டமரான் என்பது அவ்வளவுதான். ஒவ்வொரு உடலின் பின்புறமும் ஒரு சுக்கான். சுக்கான் பலகையை ஒரு வார்ப்பு பிடித்திருக்கும். உடலில் திருகிய இரண்டு பட்டைகளின் வழியே ஒரு நீண்ட ஊசி இறங்கி அந்த வார்ப்பைப் படகோடு சேர்க்கும். இரண்டு சுக்கான்களையும் ஒன்றாகத் திருப்ப ஒரு குறுக்குத் தடி. வார்ப்புக்குள் விரலளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கொக்கியும் அதன் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங்கும் இருந்தன. பலகை நீரில் நிமிர்ந்து வராமல் கீழேயே பிடித்து வைப்பது அந்தக் கொக்கி. நான்கு கொக்கிகளில் மூன்று விண்டிருந்தன. முப்பது வருடத்துப் படகுக்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை என்றார் ரோஜாக்காரர்.

நல்ல நிலையில் இருந்த நான்காவது கொக்கியை அளந்து டிராயிங் போட்டேன். பலகையைக் கவ்வும் அதன் உதடு சதுரமாக இல்லை. ஏறக்குறைய நாற்பது டிகிரி சரிந்திருந்தது. கியர் பாகங்களில் இப்படி முனை மழுங்கிச் சரிந்ததை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது தேய்மானம். தேய்ந்து வந்த சாமானை அளந்து, தேயும் முன் எப்படி இருந்திருக்கும் என்று வரைவதுதான் எங்களைப் போன்ற கம்பெனிகளின் பிழைப்பு. எனவே உதட்டைச் சதுரமாக, தொண்ணூறு டிகிரியில் வரைந்தேன். பிளாஸ்டிக்குக்குப் பதில் எஃகு, அதுவும் ஹார்டனிங் செய்தது என்று எழுதினேன். ஸ்பிரிங் சிறியதாகப் பட்டது. பிரஸ் டைக்குப் போடும் தடித்த ஸ்பிரிங்கைக் குறித்தேன். பட்டைகள் வளைந்திருந்ததால் அவற்றையும் இரட்டைத் தடிமனில் போட்டேன். கீழே கையெழுத்திட்டு ஃபைலில் சேர்த்தேன்.

வேலை ஃபிட்டரிடம் போனது. ராமநாதபுரம் கடற்கரைக்காரன். முப்பத்து நான்கு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்பது வருடத்துக்கு முன் ஓசூருக்கு வந்தவன். தகப்பன், அண்ணன், மாமன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவன் டிராயிங்கைப் பார்த்தான், கொக்கியை எடுத்துப் பார்த்தான், நேராக என் மேசைக்கு வந்தான்.

“சார், இந்தச் சரிவு தேஞ்சதில்ல. வேணும்னே வச்சிருக்கான். சுக்கான் தரையத் தட்டுனா இது வழுக்கி விடணும், பலக மேல தூக்கிக்கிரணும். நீங்க சதுரமாப் போட்டா விடாது.”

“விடாம இருக்கறதுக்குத்தான்பா கொக்கி.”

“தரை தட்டுறப்ப விடணும் சார். இல்லேன்னா போட்டோட பின்பக்கத்தையே பிச்சிரும்.”

லேத்தில் இருந்த இரண்டு பேர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் டிராயிங்கை அந்த இடத்தில் யாரும் அதுவரை திருத்தியதில்லை.

“கருவாடு காய வெக்கறது உனக்குத் தெரியும். டிராயிங் எனக்குத் தெரியும். போய் வேலையப் பாரு” என்றேன்.

லேத்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன், “டேய் கருவாடு, போடா!” என்று ராகம் போட்டான். ஃபிட்டர் சிரிக்கவில்லை. டிராயிங்கில் இருந்தபடியே, இம்மி பிசகாமல் செய்து கொடுத்தான். நான் சோதித்தேன். எல்லா அளவும் சரி.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்தவன் தன் எண்ணைப் பாகத்தில் பஞ்ச் அடிப்பான். எஃகில் பள்ளமாக விழும் அது போகவே போகாது. பரிசோதகன் ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ட் வைப்பான். டப்பாவில் போய்ச் சேரும்வரை அது இருந்தால் போதும். ஃபிட்டரின் எண் பதினேழு. எல்லாப் பாகங்களிலும் பதினேழு என்று அடித்தான். நான் மஞ்சள் வைத்தேன்.

இரண்டு வாரம் படகு ஓடியது. ரோஜாக்காரர் முதலாளிக்கு ஒரு கட்டு ரோஜா அனுப்பினார். ஆடிக் காற்று வேகம் எடுத்த மூன்றாவது ஞாயிறு, தம்பி தனியாக ஏரியில் இறங்கினான். மறு நாள் எங்களிடம் வந்து கத்தியவர்களின் வாயிலிருந்துதான் நடந்ததைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். ஏரியின் நடுவில் மொட்டைப் பாறை ஒன்று நீருக்கு ஒரு முழம் கீழே கிடக்கிறது. இடது சுக்கான் பலகை முழு வேகத்தில் அதில் மோதியது. கொக்கி விடவில்லை. தடித்த பட்டைகள் வளையவில்லை. வளைய வேண்டியது எதுவும் வளையாததால் படகின் பின்பலகையே கதவு பிடுங்கிக்கொண்டு வருவதுபோல் வந்துவிட்டது. அதோடு சேர்ந்து குறுக்குத் தடி சுழன்று தம்பியின் முகத்தில் அடித்தது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. நான்கு பல் போனது. நினைவில்லாமல் நீரில் விழுந்தவனைப் பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஜீப் வந்தது. ரோஜாக்காரர், அவருடைய டிராக்டர் டிரைவர், இன்னும் இரண்டு பேர். பிய்ந்து வந்த சுக்கானை, பின்பலகைத் துண்டோடு சேர்த்து, ரோஜாக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதை அப்படியே முதலாளியின் மேல் எறிந்தார். முதலாளி விலகிக்கொண்டார். கம்ப்யூட்டர் உடைந்தது.

“எவன்டா செஞ்சது?”

முதலாளி தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி ஏதோ சொன்னார். டிராக்டர் டிரைவர் சுக்கானைத் திருப்பிப் பார்த்தான். “நம்பர் இருக்குதுண்ணா. பதினேழு” என்றான். மஞ்சள் எதுவும் அதில் இல்லை. இரண்டு வாரத்துத் தண்ணீரில் எப்போதோ கரைந்திருக்கும்.

“பதினேழு யாரு?”

எல்லோரும் ஃபிட்டரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

முதல் அடி ஒரு டி ஸ்பேனரால் விழுந்தது, முதுகில். அவன் கவிழ்ந்து இரும்புத் துருவல் தொட்டியில் கைகளை ஊன்றினான். உள்ளங்கைகள் கிழிந்தன. டிராக்டர் டிரைவர் அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, முழங்காலால் வயிற்றில் இடித்தான். “லேய், எங்க சின்னண்ணன் வாயால கஞ்சி குடிக்க முடியல. குழாய்ல ஊத்தறோம். தெரியுமாடா ஒனக்கு?” என்று ஒவ்வொரு இடிக்கும் நடுவே கேட்டான். கேள்வி மாறவில்லை. ஃபிட்டர் பதில் சொல்ல வாய் திறந்தால் வாயில் குத்து விழுந்தது.

“நான் சொன்னேன் சார், சாரக் கேளுங்க” என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டான். அவன் என்னைத்தான் சொன்னான். ஆனால் அங்கே எல்லோருமே யாருக்காவது சார். முதலாளியைச் சொல்கிறான் என்று நினைத்து ரோஜாக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இரண்டு கையையும் விரித்தார். “எனக்கு ஏம் தெரியும் சார், சாமானு அவன்தான செஞ்சான்.”

“கையக் கொண்டா” என்றார் ரோஜாக்காரர்.

ஃபிட்டரின் வலது கையை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் அவனுடைய வைஸிலேயே வைத்தார்கள். ஆறு அங்குல வைஸ். கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதன் தாடை ஐந்து மில்லிமீட்டர் நகரும். இரண்டு பேர் அவன் தோளை அழுத்திக்கொள்ள, டிராக்டர் டிரைவர் சுண்டு விரலை மட்டும் பிரித்து உள்ளே விட்டுச் சுற்றினான். தோல் தட்டையாவது முதலில் தெரிந்தது. பிறகு நகத்துக்கு அடியில் கறுப்பு. பிறகு சத்தம். அவன் கத்தியது பக்கத்துக் கம்பெனிக்குக் கேட்டிருக்கும். பக்கத்துக் கம்பெனியின் பிரஸ் நிற்கவில்லை.

டிராயிங் ஃபைல் என் கையில்தான் இருந்தது. ஜீப்பைப் பார்த்தவுடனே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். ஒளித்து வைக்கத்தான் எடுத்தேன். வைஸைத் தளர்த்தி, சுண்டு விரலை வெளியே எடுத்து, மோதிர விரலைப் பிரித்து வைக்கும்வரை அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நேரம் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. டிரைவர் அவசரப்படவில்லை. என்னால் எத்தனை முறை பேசியிருக்க முடியும் என்று பிறகு கணக்குப் பார்த்திருக்கிறேன். மோதிர விரலும் போன பிறகுதான் என் குரல் வந்தது.

“டிராயிங் என்னுது. அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல” என்றேன். ஃபைலைத் திறந்து கையெழுத்தைக் காட்டினேன்.

ரோஜாக்காரர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கை ஓங்கியதை நான் பார்த்தேன். அது பாதி வழியில் நின்றது. ஃபைலைப் பிடுங்கி என் முகத்தில் வீசினார். அவ்வளவுதான். ஒரு காகிதத்தின் விளிம்பு கன்னத்தில் கீறியது.

“என் மாமனாராண்ட போயி ஊர்க்காரர அடிச்சேன்னு எப்பிடிச் சொல்லுவேன் மாமா? இப்பிடிப் பண்ணிட்டீங்களே!” என்றார். குரலில் வருத்தமே இருந்தது. வைஸில் இருந்தவனைப் பற்றி அவர் மாமனார் எதுவும் கேட்க மாட்டார். அவன் ஊர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

அவனை அவர்கள் விடவும் இல்லை. “இன்னொரு போட்டு இருக்குது. அதுல சரியாப் பண்ணி, அதே பாறை மேல ஓட்டிக் காட்டட்டும். சுக்கான் தூக்குச்சின்னா இவன் போலாம். அது வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். தூக்கலன்னா, என் தம்பிக்கு ஆனது இவனுக்கும் ஆவட்டும்” என்றார். அவன் போனையும் பையையும் டிரைவர் எடுத்துக்கொண்டான். முதலாளி என்னிடம், “நாலு நாள்தான, விடுங்க. கொட்டாய காலி பண்ணச் சொன்னா எங்க போறது?” என்றார். நான் போலீசுக்குப் போகவில்லை. அந்த வாரம் தினமும் ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் பஸ் போனது. தினமும் ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவனை ரோஜா கட்டும் கொட்டகையில் வைத்திருந்தார்கள். குளிராக இருந்தது. பூ வாளிகளுக்கு நடுவே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். யாரோ நாட்டு வைத்தியர் இரண்டு விரலையும் மூங்கில் பத்தையோடு சேர்த்து முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியால் கட்டியிருந்தார். வாசலில் டிராக்டர் டிரைவர் பூ கட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் தேவையில்லாமல்.

“சார், வந்துட்டீங்களா? கருவாடு எதுவும் வாங்கியாரலையா?” என்றான் ஃபிட்டர். உதடு வீங்கியிருந்ததால் சிரித்தானா என்று தெரியவில்லை.

நான் நைலான் கட்டை, அரம், வெர்னியர் அளவுகோல், பழைய கொக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். அவன் சொன்னான், நான் செய்தேன். மூன்று நாள் அப்படித்தான் போனது. கொக்கி மறுபடி பிளாஸ்டிக்கில். உதடு சரிவாக. ஸ்பிரிங் பழையதன் அளவு. பட்டை பழைய தடிமன். நான் வெர்னியரின் தாடைகளை இறுக்கும்போதெல்லாம் அவன் மறுபக்கம் பார்த்துக்கொண்டான். கரையில் கட்டைகள் மேல் ஏற்றி வைத்த இரண்டாவது படகில் சுக்கானை மாட்டி, பூப்பெட்டி எடை போடும் கொக்கித் தராசால் பலகையைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். எத்தனை கிலோவில் கொக்கி விடுகிறது என்று குறித்தேன். முப்பத்தொன்று. கொஞ்சம் அராவி, இருபத்து மூன்று.

“அந்த எழுத்த நிறுத்துங்க சார்” என்றான் அவன். எழுந்து வந்து, வெறுங்காலால் பலகையின் முன்விளிம்பில் ஓங்கி உதைத்தான். கொக்கி விட்டது. பலகை மேலே பாய்ந்தது. “இன்னும் ரெண்டு இழுப்பு அரம் போடுங்க. ஒதச்சா காலு நோவக் கூடாது.”

கால் நோகக் கூடாது என்ற அளவு என் டிராயிங் எதிலும் இருந்ததில்லை. இரண்டு இழுப்பு போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை, டிரைவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவன் தலையைத் தூக்காமல் கேட்டான். “முத விரலுக்கே ஏன் சார் சொல்லல?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பயம் என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னேன்.

“பயம் எனக்கும்தான் இருந்துச்சு” என்றான். டிரைவர் திரும்பி வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காற்று மேற்கிலிருந்து எழும்பியது. ரோஜாக்காரர் கரையில் நாற்காலி போட்டுத் தம்பியை உட்கார வைத்திருந்தார். தம்பியின் தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கண்கள் மட்டும் பேசின. பாறை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கேனை மிதக்க விட்டிருந்தார்கள்.

“நான் உக்காரறேன். அவனுக்குக் கையில்ல” என்றேன்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா மாமா?”

தெரியாது. கடைசியில் இரண்டு பேரும் ஏறினோம். அவன் இடது கையால் குறுக்குத் தடியைப் பிடித்தான். நான் அவனுக்குப் பின்னால், தடிக்கும் அவனுக்கும் நடுவே உட்கார்ந்தேன். தடி சுழன்றால் முதலில் என் மேல்தான் படும். அவன் திரும்பிப் பார்த்தான். தள்ளிப் போகச் சொல்லவில்லை. பாயின் கயிற்றை என்னிடம் கொடுத்து, “இழுங்கன்னா இழுங்க, விடுங்கன்னா விடுங்க. வேற எதுவும் செய்யாதீங்க” என்றான்.

படகு இவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காற்று பாயில் விழுந்த கணமே கரை பின்னால் போனது. ஒரு பக்கத்து உடல் நீரை விட்டு எழும்பியது. தண்ணீர் முகத்தில் சரளைக்கல்போல் அடித்தது. “இழுங்க!” என்றான். இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. வெள்ளைக் கேன் நேராக எங்களை நோக்கி வந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்கலாம் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. அவன் குறைக்கவில்லை.

மோதியபோது முதுகெலும்பு வழியாக ஓர் அடி ஏறியது. இடது பக்கம் ‘டப்’, அரை நொடிக்குள் வலது பக்கம் ‘டப்’. இரண்டு பலகைகளும் நீரிலிருந்து துள்ளி எங்கள் பின்னால் வானத்தைப் பார்த்து நின்றன. தடி என் விலாவில் ஒரு முறை இடித்து நின்றுவிட்டது. மூச்சு போய்த் திரும்பி வந்தது. அடியில் பாறை பர்ரென்று உரசியது. படகு அதைத் தாண்டியது. பின்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

கரையில் ரோஜாக்காரர் கையைத் தட்டுவது தெரிந்தது. “தூக்கிருச்சு!” என்று டிரைவர் கத்தியதும் கேட்டது. “அப்பிடியே திரும்பி வாங்க மாமா! அந்த ஒடஞ்ச போட்டையும் இவன வெச்சே சரி பண்ணிடலாம். பின்பலகை போடணும். ஒரு மாசம் ஆவட்டும்!”

ஃபிட்டர் அதைக் கேட்டான். அவன் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பிப் போக அவன் சுக்கானைக் கீழே இறக்க வேண்டும். இறக்கவில்லை. என்னைத் தாண்டிப் பின்னால் காலை நீட்டி, ஒரு பலகையின் நுனி மட்டும் நீரைத் தொடுமாறு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று தள்ளிய திசையிலேயே படகை விட்டான். கிழக்குக் கரை. அந்தப் பக்கம் சோளக்காடு, அதற்கப்பால் தார் ரோடு. கர்நாடகப் பஸ்கள் போகும் ரோடு.

“விடாதீங்க, இழுங்க” என்றான். இழுத்துப் பிடித்தேன்.

கீழே எதுவும் தொங்காததால் படகு கரையில் நிற்கவில்லை. சேற்றில் ஏறி, கோரைப்புல்லை மடக்கிக்கொண்டு, முழு நீளமும் தரைக்கு வந்த பிறகுதான் நின்றது. ஏரியின் அந்தக் கரையில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. ஏரியைச் சுற்றி வர பத்து நிமிடமாவது வேண்டும்.

அவன் இறங்கினான். செருப்பு இல்லை. போன், பை, மாற்றுத் துணி எல்லாம் ரோஜாக் கொட்டகையில். என் சட்டைப் பையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து நீட்டினேன். நனைந்திருந்தது. எண்ணாமல் வாங்கிக்கொண்டான். என் செருப்பையும் கழற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். பெரியதாக இருந்தது.

“நீங்களும் வாங்க” என்றான்.

“நீ போ. இங்க யாராவது இருந்தாதான் கேட்டுகினு நிப்பாங்க.”

அவன் கட்டுப் போடாத இடது கையால் என் கன்னத்தில் அறைந்தான். ஓங்கியே அறைந்தான். காதில் ஒரு விசில் கிளம்பியது. “இது ரெண்டாவது விரலுக்கு” என்றான். “முத விரலுக்கு நானும் பயந்துதான் கிடந்தேன். அத விடுறேன்.” சோளக்காட்டுக்குள் நுழைந்தான். சோளத் தாள்கள் ஆடுவது கொஞ்ச தூரம்வரை தெரிந்தது. பிறகு காற்று எல்லாத் தாள்களையும் ஒன்றுபோல் ஆட்டியது.

ஜீப் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றாக ஏழு நிமிடம் இருந்தது. ரோஜாக்காரரே முதலில் குதித்தார்.

“எந்தப் பக்கம் போனான்?”

ஏரியின் தெற்குக் கரையைக் காட்டினேன். அங்கே பனைமரங்களும் ஒரு செங்கல் சூளையும்தான்.

டிரைவர் சேற்றைப் பார்த்தான். செருப்புத் தடம் சோளத்தின் பக்கம் போய்க் கோரைப்புல்லில் மறைந்திருந்தது. “பொய் சொல்றாருண்ணா” என்றான்.

“மாமா, கடைசியாக் கேக்கறேன். ஊர் முறையெல்லாம் பாக்க மாட்டேன்.”

“தெக்கால” என்றேன்.

முதல் அடி வாயில் விழுந்தது. அவர் கைதான், மோதிரம் போட்ட கை. கீழ் உதடு பல்லோடு சேர்ந்து கிழிந்தது. இரண்டாவது, தடி ஏற்கனவே இடித்த அதே விலாவில், டிரைவரின் கால். விழுந்தேன். சேறு குளிர்ச்சியாக இருந்தது. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி கேட்டார்கள். மறுபடி தெற்கு என்றேன். வாயில் ரத்தம் இருந்ததால் சொல் சரியாக வரவில்லை. அதனால் கையை நீட்டிக் காட்டினேன். கையை மிதித்தார்கள். இன்னொரு கையை நீட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி முதல் மிதியிலேயே போய்விட்டது. அடித்து அடித்துக் கடைசியில் ரோஜாக்காரருக்குத்தான் மூச்சு வாங்கியது. படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, “ஒரு பயலுக்காகவா மாமா? யாரு மாமா அவன் உங்களுக்கு?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார். சோளக்காட்டுக்கு அப்பால் தார் ரோட்டில் ஒரு பஸ் நின்று, கதவு அறைந்து, கியர் மாற்றிக் கிளம்பும் சத்தம் வந்தது. டிரைவர் ஜீப்பை நோக்கி ஓடினான். நான் அவன் காலைப் பிடித்தேன். அவன் உதறினான், மிதித்தான், குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த விரலை மறுபடி மடக்கிக்கொண்டே இருந்தேன், பஸ் சத்தம் மேட்டைத் தாண்டிக் கேட்காமல் போகும்வரை.